மைக்கா மேல் நின்ற பெரில் கல்லை மறுபடி ஒட்டியது

போன அக்டோபரில் அத்தை கூடூர் வீட்டைக் காலி செய்தபோது, மாமாவின் இரும்புப் பெட்டியிலிருந்து பழைய வேட்டியில் சுற்றிய ஒரு பொதியை எடுத்து என் கையில் கொடுத்தார். "உங்க மாமா இதை யாரையும் தொட விடமாட்டார். நீ மைக்காவோட புழங்கறவன், நீயே வெச்சுக்கோ" என்றார். ரயிலில் சூளூர்ப்பேட்டை வரும் வரை அதை மடியிலேயே வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து வேட்டியைப் பிரித்தபோது மடிப்புகளிலிருந்து மைக்காத் தூள் மேசையெல்லாம் மினுங்கிக்கொண்டு கொட்டியது.

உள்ளே இருந்தது 14 செ.மீ. நீளமும் 9 செ.மீ. அகலமும் உள்ள ஒரு கட்டி. அடியில் வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்), அதன் மேல் வெளிர்பச்சை மைக்கா அடுக்கடுக்காக, பழைய கணக்குப் புத்தகத்தைப் பாதி திறந்து வைத்த மாதிரி. அந்த அடுக்குகளுக்கு நடுவிலிருந்து ஒரு ஆறுபட்டைக் கல் சாய்வாக நின்றது. ஐந்தரை செ.மீ. உயரம், சுண்டுவிரல் பருமன். கீழ்ப்பாதி பால் கலந்தது போல மங்கலான நீலப்பச்சை. மேல் பகுதி போகப் போகத் தெளிந்து, நுனியில் ஒரு விரல் அகலத்துக்கு வெளிச்சம் ஊடுருவியது. பக்கத்தில் இன்னும் இரண்டு சின்னக் கற்கள் பாதி புதைந்து கிடந்தன. பெரிய கல்லின் காலடியைச் சுற்றி மட்டும் மஞ்சளாக, கட்டியாக ஏதோ ஒன்று. யாரோ ஒட்டியிருக்கிறார்கள் என்பது பார்த்தவுடனே தெரிந்தது.

நான் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். மைக்கா எனக்கு அன்றாடம் கையில் படும் பொருள். டிசி மோட்டார் கம்யூட்டேட்டரில் செம்புத் தகடுகளைத் தனித்தனியாகப் பிரித்து வைப்பது அதுதான். பழைய இஸ்திரிப் பெட்டியில் எலிமெண்ட் கம்பி சுற்றியிருப்பதும் அதன் மேல்தான். ஆனால் எங்கள் கைக்கு வருவது வெட்டி, அழுத்தி, தகடாக்கிய சரக்கு. மண்ணிலிருந்து வந்த வடிவத்திலேயே, கூடப் பிறந்த கல்லோடு இருக்கும் மைக்காவை நான் தொட்டது இதுதான் முதல் தடவை.

மாமா கூடூரில் மைக்கா ஷெட்டில் தரம் பிரிக்கும் வேலையில் இருந்தவர். கூடூர், சைதாபுரம், ராப்பூர், பொதலகூரு என்று பழைய நெல்லூர் மாவட்டத்தின் தெற்கு, மேற்குப் பக்கங்களில் ஓடும் மைக்கா பட்டை ஒரு காலத்தில் வெளிநாடுகள் வரை பேர் பெற்றது. கோடர்மா பக்கத்து மைக்கா செந்நிறம், அதை ரூபி மைக்கா என்பார்கள். நெல்லூர் மைக்கா பச்சை. வால்வு ரேடியோக்களும் மைக்கா கண்டென்சர்களும் இருந்த நாளில் ஷெட்டுகளில் ஆணும் பெண்ணுமாக உட்கார்ந்து கத்தியால் தாள் தாளாகப் பிரிப்பார்கள். அப்புறம் மின்சாதனங்களில் வேறு பொருட்கள் வந்தன, வேலை சுருங்கியது. மாமா இதைக் காக்காப்பொன் என்பார். கூட வேலை செய்த தெலுங்குக்காரர்கள் காக்கி பங்காரம் என்பார்களாம். இரண்டு மொழியிலும் அது காக்கையின் தங்கம்தான்.

இந்தக் கல் மைக்காவுக்குள் எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பழுதுபார்க்கும்போது அது உதவியது. பூமிக்கு ஆழத்தில் பாறைக்குழம்பு ஆறி இறுகும்போது கடைசியில் மிஞ்சும் பகுதியில் நீர் அதிகம். சாதாரணக் கனிமங்களுக்குள் இடம் கிடைக்காத பெரிலியம் போன்ற தனிமங்களும் அங்கேதான் வந்து சேரும். அந்த மிச்சக் குழம்பு பாறை வெடிப்புகளில் புகுந்து இறுகினால் கிடைப்பது பெக்மடைட் என்ற பாறை. அதில் கற்கள் பெரிது பெரிதாக வளரும். மைக்கா புத்தகம் புத்தகமாக வளர்வதும், பெரில் ஆறுபட்டைத் தூணாக வளர்வதும் அங்கேதான். நீலப்பச்சை நிறமும் தெளிவும் உள்ள பெரிலுக்குத்தான் அக்வாமரைன் என்று பெயர். அந்த நிறத்தைத் தருவது கல்லுக்குள் சிறிதளவு கலந்த இரும்பு. பச்சைக்குக் குரோமியமோ வெனேடியமோ காரணமானால் அதுவே மரகதம். மைக்கா மேல் நிற்கும் அக்வாமரைனுக்கு உலகத்தில் பெயர் பெற்ற இடம் பாகிஸ்தான் வசமுள்ள கில்கிட் பக்கம், நகர் என்ற பகுதியின் மலையில் உள்ள சுமர் பாக்கூர். நம் பக்கத்திலும் காங்கேயத்தை அடுத்த படியூர் இந்தக் கல்லுக்குப் பழங்காலம் முதலே பேர் பெற்ற ஊர். நெல்லூர் பக்கத்துச் சுரங்கங்களில் பெரில் மைக்காவோடு சேர்ந்து வரும் துணைச் சரக்கு. பெரிலியத்துக்கு மூலம் என்பதால் நெடுங்காலம் அது அரசின் அணுக்கனிமப் பட்டியலில் இருந்தது. 2023 சுரங்கச் சட்டத் திருத்தத்தில்தான் அந்தப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள்.

என் கையில் இருந்தது நகைக்கு வெட்டும் தரமில்லை. அது வளர்ந்த இடத்திலேயே நிற்பதுதான் அதன் மதிப்பு. அதனால் முதல் கேள்வி, இந்தக் கல் இந்த மைக்காவில்தான் வளர்ந்ததா, இல்லை எங்கிருந்தோ எடுத்து வந்து நட்டதா? வியாபாரத்தில் இரண்டும் உண்டு. நல்ல கல்லை வேறொரு மைக்காக் கட்டியில் ஒட்டி, பசை தெரியாமல் இருக்க மேலே மைக்காத் தூளைத் தூவிவிடுவார்கள்.

பக்கத்து மளிகைக் கடையில் கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கை ஒரு ராத்திரிக்கு இரவல் வாங்கி, அறையை இருட்டாக்கிப் பார்த்தேன். கல்லும் மைக்காவும் அப்படியே இருட்டில் கிடந்தன. காலடியில் மட்டும் நீலவெள்ளையாக ஒரு வளையம் எரிந்தது. அந்த வளையத்துக்குள் கறுப்புப் புள்ளிகள். அவை பசையில் பதிந்த மைக்காத் துணுக்குகள். இரண்டு சின்னக் கற்களைச் சுற்றி ஒளிர்வே இல்லை. அவை தானாகப் பிறந்து அங்கேயே இருக்கின்றன என்ற ஒரு நிம்மதி.

அடுத்த நாள் செய்த தவறைச் சொல்லியாக வேண்டும். கட்டியில் படிந்த செம்மண்ணைப் போக்க, குழாயடியில் பழைய பல்துலக்கியால் மெதுவாகத் தேய்த்தேன். மெதுவாகத்தான் தேய்த்தேன், ஆனால் தேய்த்த திசை தப்பு. அடுக்கின் ஓரத்துக்கு எதிராகத் துலக்கி போனதும் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு மைக்காச் சில்லு எழும்பிக் கையோடு வந்துவிட்டது. கற்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை சொல்லும் மோஸ் கணக்கில் மைக்காவின் கடினம் இரண்டு, இரண்டரைதான். நகத்தால்கூட அதைக் கீறிவிடலாம். தாள் தாளாகப் பிரிவதுதான் அதன் குணம். அந்தக் குணத்தை வைத்துத்தான் என் மாமா சம்பாதித்தார், நானும் சம்பாதிக்கிறேன். தெரிந்திருந்தும் குழாயடிக்குக் கொண்டுபோனேன்.

அதோடு நிற்கவில்லை. தண்ணீர் அடுக்குகளுக்கு நடுவே தானாக உறிஞ்சிப் போயிருந்தது. காய வைத்தபோது ஓரங்களில் எண்ணெய்ப் படலம் மாதிரி வானவில் நிறங்கள் தெரிந்தன. அடுக்குகள் விலகி இடையில் காற்று புகுந்தால் அப்படித் தெரியும். முன்பு இல்லாத விலகல் அது. அன்றைக்கே ஒரு முடிவு செய்தேன். பெரிலின் கடினம் ஏழரையிலிருந்து எட்டு வரை; அது தன்னைப் பார்த்துக்கொள்ளும். இந்த வேலை முழுக்க மைக்காவுக்காகச் செய்ய வேண்டிய வேலை. இனி எந்தத் திரவமும் மைக்காவின் ஓரத்தில் நேராகப் படக் கூடாது, அதிர்வால் கழுவும் அல்ட்ராசோனிக் தொட்டி பக்கமே போகக் கூடாது, துலக்கி என்றால் அடுக்கு போகும் திசையில் மட்டும். மீதிச் செம்மண்ணை உலர்ந்த ஓவியத் தூரிகையாலும் மூங்கில் குச்சியாலும் பத்து நாள், தினமும் அரைமணி என்று எடுத்தேன். தூசி பறக்காமல் இருக்கப் பக்கத்தில் ஈரத்துணி விரித்து, மூக்கைக் கட்டிக்கொண்டேன். இந்தப் பாறைத் தூசியில் சிலிக்கா உண்டு. பெரில் தூளும் நுரையீரலுக்கு ஆகாது, அதை உலர்ந்த நிலையில் அரைக்கவோ ராவவோ கூடாது.

இனி பழைய பசை. அது எது என்று தெரியாமல் கத்தியை வைக்க மனம் வரவில்லை. ஓரத்தில் துளி அசிட்டோன் தொட்டு வைத்தேன். சற்று நேரத்தில் மேல்பரப்பு பிசுபிசுத்தது. அப்படியென்றால் உடனே பிடிக்கும் குப்பிப் பசை வகையாக இருக்கலாம். எபாக்சியாக இருந்தால் இவ்வளவு சீக்கிரம் இளகாது. பஞ்சை மெல்லிய திரியாக முறுக்கி, அசிட்டோனில் நனைத்து, பசை வளையத்தின் மேல் மட்டும் சுற்றி, காற்று புகாதபடி அலுமினியத் தாளால் மூடினேன். ஜன்னல்கள் திறந்திருந்தன, வீட்டில் அடுப்பு அணைந்திருந்தது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பஞ்சை மாற்றினேன். இரண்டாம் நாள் மாலையில் பசை ஜெல்லி மாதிரி ஆகி மூங்கில் சீவலில் சுருண்டு வந்தது. கல்லைப் பிடித்து இழுக்கவில்லை. அடியில் ஒரு கையை ஏந்தி வைத்திருந்தேன், அது தானாகச் சாய்ந்து உள்ளங்கையில் விழுந்தது.

தனியாகக் கிடைத்தபோதே அது என்ன கல் என்று உறுதி செய்துகொண்டேன். மைக்காச் சுரங்கங்களில் அபடைட் என்று இன்னொரு ஆறுபட்டைக் கல்லும் வரும், அதுவும் நீலப்பச்சையாக இருக்கலாம். நகைத் தராசில் 25.2 கிராம். அதே தராசில் ஒரு குவளைத் தண்ணீரை வைத்து எடையைப் பூஜ்யமாக்கி, கல்லை நூலில் கட்டித் தண்ணீருக்குள் அடியைத் தொடாமல் தொங்கவிட்டால், கல் இடம்பெயர்த்த தண்ணீரின் எடை கிடைக்கும். 9.3 காட்டியது. வகுத்தால் 2.71, அதாவது கல் தண்ணீரைவிட அத்தனை மடங்கு கனம். அபடைட் 3.1-க்கு மேல் இருக்க வேண்டும், அது கழிந்தது. வெங்கச்சங்கல் 2.65, அது பக்கத்தில் இருப்பதால் எடை மட்டும் போதாது. ஆனால் அதன் பட்டைகளில் கோடுகள் குறுக்கே ஓடும், நுனி கூராக முடியும். இதன் நுனி மேசை மாதிரித் தட்டை, பட்டைகளில் மெல்லிய கோடுகள் நெடுக்கே. உடைந்த அடியிலிருந்து முன்பே உதிர்ந்து பசையில் சிக்கியிருந்த ஒரு துணுக்கு வெங்கச்சங்கல்லைக் கீறியது. பெரில்தான்.

இப்போதுதான் முக்கியமான இடம். பசை போன பிறகு மைக்காவுக்கு நடுவில் ஒரு குழி தெரிந்தது. விளிம்புகள் ஆறு பக்கம். அடியில் கண்ணாடி உடைந்தது போன்ற வளைவுகளோடு நீலப்பச்சையாகவே ஒரு மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதாவது கல்லின் வேர் இன்னும் பாறைக்குள் இருக்கிறது. லென்ஸ் வைத்து அந்த உடைந்த முகத்தையும் கையிலிருந்த கல்லின் அடிமுகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். கல்லைக் குழியில் இறக்கினேன். ஆடியது. ஆறுபட்டைக் கல் குழிக்குள் ஆறு விதமாக இறங்கும். ஒவ்வொரு பட்டையாகத் திருப்பி இறக்கினேன். ஐந்து தடவை ஆடியது. ஆறாவதில் ஒரு சின்ன சத்தத்தோடு உட்கார்ந்தது. விரலை எடுத்துவிட்டேன், கல் நின்றது. பசையில்லாமல் நின்றது. ஒரு பட்டையில் இருந்த மெல்லிய பள்ளத்துக்குள் எதிரே இருந்த மைக்காத் தாள் ஒன்று அளவெடுத்த மாதிரி நுழைந்திருந்தது. அந்தத் தாளைச் சுற்றிக்கொண்டுதான் கல் வளர்ந்திருக்கிறது. குழியின் விளிம்பில் இருந்த துருக்கறை கல்லின் மேலும் அதே கோட்டில் தொடர்ந்தது.

இந்தக் கல் இந்த மைக்காவில் பிறந்ததுதான். முன்பு ஒட்டியவர் அதை இரண்டு பட்டை திருப்பி ஒட்டியிருக்கிறார். அதனால்தான் உடைந்த முகங்கள் பொருந்தாமல் இடைவெளி விழுந்து, அதை நிரப்ப அவ்வளவு பசையும் தூளும் போட வேண்டி வந்திருக்கிறது. கல் வெளிப்பக்கமாகச் சாய்ந்து நின்றதும் அதனால்தான். சரியான நிலையில் அது உள்பக்கமாக, சின்னக் கற்கள் இருக்கும் பக்கம் சாய்கிறது.

ஒட்டியவர் மாமாவாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. யாரையும் தொட விடாதவர், ஒரு நாள் தானே தவறவிட்டிருக்கலாம். ராத்திரி நாற்பது வாட்ஸ் பல்பு வெளிச்சத்தில், கையில் கிடைத்த பசையை வைத்து, யாருக்கும் தெரியாமல் நிறுத்தியிருக்கலாம். அப்படி நினைத்தபோது அந்த மஞ்சள் பசையைச் சுரண்டியது கஷ்டமாக இருந்தது.

துருக்கறையைப் போக்க ஆக்ஸாலிக் ஆசிட் நல்லது. மொசைக் தரைக்குப் பாலிஷ் போடுகிறவர்கள் வாங்கும் கடையில் தூளாகவே கிடைக்கும். அது விஷம். கையுறை போட வேண்டும், சூடாக்கக் கூடாது, சமையல் பாத்திரம் எதையும் பயன்படுத்தக் கூடாது. எங்கள் ஊர் போர் தண்ணீர் உப்பும் கடினமுமானது. அதில் கரைத்தால் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து கரையாத வெள்ளைப் படிவம் கல்லின் வெடிப்புகளில் இறங்கிவிடும், பிறகு அதை எடுக்கவே முடியாது. அதனால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் ஒரு லிட்டர், அதில் 20 கிராம் தூள். பிளாஸ்டிக் டப்பாவில் கல்லை மட்டும் மூன்று நாள் ஊறவிட்டேன். பெரிலை இந்த அமிலம் ஒன்றும் செய்யாது. எடுத்ததும் டிஸ்டில்ட் வாட்டரிலேயே நாலு தடவை அலசி, ஒரு நாள் முழுக்க ஊறவிட்டு மறுபடி அலசினேன். செங்காவி நிறம் போய் பட்டைகளின் உண்மையான நிறம் வந்தது, காளங்கி ஆற்றில் மழை நின்று தெளிந்த பிறகு இருக்கும் நிறம். மிஞ்சிய கரைசலில் நீற்றிய சுண்ணாம்பைப் போட்டு, வெள்ளையாக அடியில் படிந்த பிறகுதான் அப்புறப்படுத்தினேன்.

மைக்காவின் மேல் இருந்த துருவைத் தொடவில்லை. ஊறவைத்தால் அடுக்குகள் திறந்துகொள்ளும் என்று குழாயடியில் பார்த்தாகிவிட்டது. பச்சை மைக்காவில் அந்தப் பழுப்புத் திட்டுகள் இருக்கட்டும். சின்னக் கற்களில் உள்ள துருவும் இருக்கட்டும்.

எந்தப் பசை என்பதற்கு நாலைந்து வாரம் யோசித்தேன். பட்டறைப் பையன் மோட்டார் வார்னிஷில் ஒரு முக்கு முக்கிவிடலாம் என்றான். வார்னிஷ் நான்கு வருஷத்தில் மஞ்சளாகும், பிறகு எந்தக் காலத்திலும் எடுக்க முடியாது. எபாக்சியும் அப்படித்தான். பின்னால் யாராவது வந்து என் வேலை தப்பு என்று கண்டுபிடித்தால், நான் மாமாவின் பசையை எடுத்த மாதிரி அவரும் எடுக்க முடிய வேண்டும். சென்னையில் பழம்பொருட்களைப் பராமரிக்கும் ஒருவரிடம் கேட்டதில் பாரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசினைச் சொன்னார். அருங்காட்சியகங்களில் உடைந்த பானை, கண்ணாடி, எலும்பு எல்லாவற்றுக்கும் அதுதான். கண்ணாடி மாதிரித் தெளிவு, சுலபத்தில் மஞ்சளாகாது, எப்போது அசிட்டோன் பட்டாலும் திரும்பக் கரையும். கற்கண்டுத் துண்டுகள் போன்ற குருணைகளாக 50 கிராம் வாங்கி வந்தேன்.

முதலில் மைக்கா ஓரங்கள். நூறு மில்லி அசிட்டோனில் ஐந்து கிராம் என்று நீர்க்கக் கரைத்து, தூரிகை நுனியால் அடுக்கின் இடைவெளியில் ஒரு சொட்டு வைத்தால் அது தானே உள்ளே உறிஞ்சப்படும். நவம்பர் கடைசி, வெளியே மழை. வைத்த இடமெல்லாம் ஐந்து நிமிஷத்தில் மூடுபனி படர்ந்த மாதிரி வெள்ளையாகிவிட்டது. பயந்துபோனேன். காரணம் ஈரக்காற்று. அசிட்டோன் வேகமாக ஆவியாகும்போது அந்த இடம் சட்டென்று குளிர்கிறது, காற்றில் உள்ள ஈரம் அதில் பனித்து, பிசினை வெளுக்க வைக்கிறது. பழவேற்காடு ஏரிக்கரையை ஒட்டிய ஊரில் மழைக்காலத்தில் செய்யக் கூடாத வேலை அது. எடுக்கக்கூடிய பசையைத் தேர்ந்தெடுத்தது அன்றைக்கே பலன் தந்தது. அசிட்டோன் தொட்ட பஞ்சால் அவ்வளவையும் வாங்கிவிட்டேன்.

பொங்கல் கழித்து, வெயில் ஏறிய ஒரு பகல் பதினோரு மணிக்கு மறுபடி ஆரம்பித்தேன். மேசைக்குப் பக்கத்தில் கொஞ்ச தூரம் தள்ளி ஒரு குண்டு பல்பை எரியவிட்டுக் கட்டியை இளஞ்சூடாக வைத்துக்கொண்டு, அணைத்த பிறகே அசிட்டோனைத் திறந்தேன். ஒரு ஓரத்துக்கு ஒரு சொட்டு, அவ்வளவுதான். வைத்ததும் மேலே லெதராய்டு தாள் துண்டும் அதன் மேல் ஒரு சின்ன இரும்புப் பட்டையும் வைத்து அடுக்கைப் படியவிட்டேன். இந்தத் தடவை வெளுக்கவில்லை. குழாயடியில் வந்த வானவில் நிறங்களில் பாதி மறைந்தன. மீதி இருக்கின்றன, அவற்றை விரட்டினால் மைக்கா முழுக்கப் பிசின் பூசிய பளபளப்பு வந்துவிடும்.

கல்லை ஒட்டக் கெட்டியான கரைசல், பிசினும் அசிட்டோனும் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி, தேன் பதம். உடைந்த முகத்தில் மூன்று புள்ளிகள் மட்டும். முகங்கள் முழுசாகப் பொருந்தும்போது நிறையப் பசை வைப்பது கெடுதல். பசையே இடைவெளியாகி, அந்தச் சின்ன சத்தம் கேட்காமல் போய்விடும். பள்ளத்தை மைக்காத் தாளுக்கு நேராகக் காட்டி இறக்கினேன். உட்கார்ந்தது. கட்டியை மணல் நிரப்பிய தட்டில் சாய்த்து, கல் செங்குத்தாக நிற்கும்படி வைத்து, மூன்று வாரம் தொடவே இல்லை. வெளியே காய்ந்த மாதிரி இருந்தாலும் இணைப்புக்குள் அசிட்டோன் நாள்கணக்கில் தங்கியிருக்கும்.

அதே நாளில் சோதனைக்காக வேறு இரண்டு கூழாங்கற்களை அதே பசையால் ஒன்றோடொன்று ஒட்டி, கீழ்க்கல்லில் 100 கிராம் படிக்கல்லைக் கட்டிப் பட்டறையில் தொங்கவிட்டிருந்தேன். இந்தப் பிசின் கிட்டத்தட்ட 40 டிகிரி வெப்பத்தில் இளக ஆரம்பிக்கும் என்று சொல்லியிருந்தார்கள். ஐரோப்பாவின் அருங்காட்சியகத்துக்கு அது பிரச்சினை இல்லை. நம் ஊர் அக்னி நட்சத்திரத்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே என்ன ஆகும்? மே மாதம் இரண்டாம் வாரம் பட்டறை வெப்பமானி 42 காட்டிய நாளில் கீழ்க்கல் மூன்று மி.மீ. நழுவியிருந்தது. இரண்டு நாள் கழித்துத் தரையில் கிடந்தது.

வீட்டு உள்ளறையில் இருந்த பெரில் அசையவில்லை. அங்கே அவ்வளவு சூடு ஏறாது, அதன் பாரமும் 25 கிராம்தான். இருந்தாலும் பசையை மட்டும் நம்ப இனி முடியாது. 60 டிகிரி வரை தாங்கும் பி-44 என்ற பிசின் உண்டு, அதற்கு மாறலாமா என்று யோசித்தேன். ஒட்டியதைப் பிரித்து மறுபடி ஒட்டினால் அந்த மைக்காத் தாளுக்கு ஆபத்து. அதனால் தாங்கி செய்தேன். இரண்டு மி.மீ. பித்தளைக் கம்பியை வளைத்து, நுனியில் கல்லின் இரண்டு பட்டைகளுக்குப் பொருந்தும் கவையாக்கி, மோட்டார் லீடு ஒயருக்குப் போடும் ஃபைபர் ஸ்லீவை அதில் மாட்டினேன், உலோகம் கல்லைத் தொடாது. கம்பியின் அடி தேக்குப் பீடத்தில் இறங்குகிறது. பீடத்தில் வெங்கச்சங்கல்லின் அடிவடிவத்துக்கு உளியால் குடைந்து, மேலே கம்பளித்துணி விரித்திருக்கிறேன். கட்டியைப் பீடத்தில் ஒட்டவில்லை, அது தன் பாரத்தில் உட்கார்ந்திருக்கிறது. கவை கல்லின் பின்பக்கம் இருப்பதால் முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. ஒரு நாள் பசை இளகினாலும் கல் கவையில் சாயும், கீழே விழாது.

நடுவில் ஜூன் மாதம் கல் வியாபாரம் செய்யும் ஒருவர் வந்து பார்த்தார். நுனியில் தெளிவாக இருக்கும் பகுதியை மட்டும் வெட்டினால் மோதிரத்துக்கு ஒரு கல் வரும், மீதியை எறிந்துவிடலாம் என்றார். ஒட்டிய கல் என்று சொன்னேன். "அதை ஏன் சொல்றீங்க, தெரியவே இல்லையே" என்றார். தெரியாததால்தான் சொல்ல வேண்டும். ஒட்டிய கல்லுக்கு விலை குறைவு என்பது சேகரிப்பவர்களுக்குத் தெரிந்த கணக்கு. அந்தக் கணக்கைப் போட வாங்குகிறவருக்கு உண்மை தெரிய வேண்டும். நான் விற்கப் போவதில்லை, ஆனால் எனக்குப் பிறகு இது யார் கைக்குப் போகும் என்று தெரியாது.

பீடத்தின் அடியில் ஒட்டிய சீட்டில் பென்சிலால் எழுதியிருக்கிறேன். பேனா மை மங்கிவிடும். பெரில், மைக்கா மேல், வெங்கச்சங்கல் அடியோடு. சைதாபுரம் பக்கத்துச் சுரங்கம் ஒன்றிலிருந்து என்று மாமா சொல்லி அத்தை கேட்டது. பெரிய கல் அடியில் உடைந்து, முன்பு தப்பான பட்டையில் ஒட்டப்பட்டு, இப்போது உடைந்த முகம் பொருந்தும் நிலையில் பி-72 கொண்டு ஒட்டப்பட்டது, அசிட்டோனில் கரையும், 40 டிகிரிக்கு மேல் சூடு படக் கூடாது. மைக்கா ஓரங்களிலும் அதே பிசின். சின்னக் கற்கள் இரண்டும் பிறந்த நிலையில், யாரும் தொடவில்லை.

குழாயடியில் பெயர்ந்த சில்லைப் பழைய கேமரா ஃபிலிம் டப்பாவில் போட்டு, அது எந்த ஓரத்திலிருந்து வந்தது என்று ஒரு படம் வரைந்து உள்ளே வைத்திருக்கிறேன். டப்பா பீடத்தின் பின்னால் இருக்கிறது. ஒட்டவில்லை. அதன் ஓரம் தேய்த்த வேகத்தில் நாராகப் பிரிந்துவிட்டது, எங்கே வைத்தாலும் படியவில்லை.

போன வாரம் அத்தை வந்திருந்தார். கண்ணாடியை மூக்குக்கு இறக்கி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "உள்பக்கமா சாஞ்சிருக்கே" என்றார். இரண்டு பட்டைக் கதையைச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. டப்பாவை எடுத்துக் குலுக்கிப் பார்த்து, உள்ளே என்ன என்று கேட்டார். அதையும் சொன்னேன்.